நம்ம ஊர் மாதிரியே: காங்கேசன்துறையில் ஒரு பகல் இறங்கியவர்கள்

காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய், ஒரு பகல் கரையில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களின் காணொளிகளையும் பயணக் கட்டுரைகளையும் ஒரு மாதமாகச் சேர்த்துவைத்துப் பார்த்தேன். தமிழில் இருப்பவை மட்டும். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம் வருகிறது: “அப்படியே நம்ம ஊர் மாதிரியே இருக்கு.” பனைமரத்தைப் பார்த்ததும் வரும். அங்கே வராவிட்டால் நல்லூர் கோயில் வாசலில் வரும். அதுவும் தப்பினால் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கட்டாயம் வந்துவிடும். சொல்கிறவர்கள் மனசார, பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பத்துத் தடவை கேட்ட பிறகு எனக்கு ஒரு சந்தேகம். இந்த வாக்கியம் வந்த இடத்திலேயே பார்ப்பது நின்றுவிடுகிறதோ? அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பயணம் எதுவென்று சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். அதே மாதம் 16ஆம் தேதி காங்கேசன்துறைக்கு முதல் முறையாக வந்தது, அங்கே புதுப் பயணிகள் முனையமும் திறந்தார்கள். கப்பல் புதிது கிடையாது. 1990இல் வேறொரு பெயரில் கரீபியன் தீவுகளைச் சுற்றுவதற்காகக் கட்டியது. அந்தத் தீவுகளில் ஓடிப் பழகிய ஒரு முறை கப்பலோடு சேர்ந்து நம் கடலுக்கும் வந்துவிட்டது. காலையில் கரை, இறங்கினதும் பேருந்து, நாலு இடம், கடைத்தெரு, சாயங்காலத்துக்குள் மறுபடியும் கப்பல். படுக்கை கப்பலில், பெரும்பாலும் சாப்பாடும் கப்பலில். ஊருக்கு மிஞ்சுவது பேருந்து வாடகையும் நினைவுப் பொருள் வாங்கின காசும்தான்.

இதைக் கிண்டல் பண்ணுவது ரொம்ப சுலபம். ‘ஆறு மணி நேரத்தில் ஒரு ஊரைப் பார்க்க முடியுமா’ என்று ஒரு வரி போட்டால் கட்டுரை முடிந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்குக் காரணம் நான் இருக்கும் ஊர்.

சமயபுரத்தில் இருக்கிறவனுக்கு ஒரு நாள் பயணிகளைக் கிண்டல் பண்ணும் யோக்கியதை கிடையாது. எங்கள் ஊரே அடுத்தவர்களின் ஒரு நாள்தான். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு விடிகாலையில் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். மொட்டை, குளியல், மாவிளக்கு, வரிசை, தரிசனம். அது முடிந்ததும் வண்டி கொள்ளிடத்தைத் தாண்டும். அங்கே திருவானைக்கா, ஸ்ரீரங்கம். நடை சாத்துவதற்குள் எதைப் பார்ப்பது, சாத்தின பிறகு எங்கே சாப்பிடுவது என்ற கணக்கு ஓட்டுநருக்கு விரல் நுனியில் இருக்கும். சாயங்காலம் மலைக்கோட்டை, ராத்திரி வீடு. கப்பல் கம்பெனிக்காரர் யாராவது எங்கள் வேன் ஓட்டுநர் ஒருத்தரோடு ஒரு நாள் சுற்றினால் புதிதாகக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

ஸ்ரீரங்கம் தீவு என்பதே வருகிறவர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் தீவு. வரும்போது ஒரு பாலம், போகும்போது ஒரு பாலம். பாலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். கோயிலுக்கு ஏழு சுற்று. உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி என்ற வெளிச் சுற்றுகளில் வீடும் கடையுமாக ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 236 அடி ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே வருகிறவர், பிராகாரத்துக்குள் நடக்கிறோம் என்பது தெரியாமலே, ஒரு கடைத்தெருவில் நடப்பதாக நினைத்துக்கொண்டு, ‘கோயில் எங்கே’ என்று கேட்பார். வெளியூர்க்காரர்கள் என்னிடமே பல தடவை கேட்டிருக்கிறார்கள்.

இவர்களை யாரும் மேலோட்டமான சுற்றுலாப் பயணி என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. சமயபுரத்தில் மூன்று மணி நேரம் மட்டும் இருந்த ஒரு பெண்ணுக்கு எங்கள் ஊரின் சரித்திரம் எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் குழந்தைக்கு அம்மை இறங்கினதற்கோ கண் பார்வை திரும்பினதற்கோ வெள்ளித் தகட்டில் கண்மலர் வாங்கிப் போட வந்தவர் அவர். வந்த வேலை ஒன்று இருக்கிறது. நேரம் குறைவு என்பதால் அந்த வேலை குறைந்துபோகவில்லை. கடன் இருக்கிறது, கட்டிவிட்டுப் போகிறார்.

சாமியே அப்படித்தான். தைப்பூசத்தன்று சமயபுரத்தாள் பல்லக்கில் கிளம்பி வடகாவிரி என்று நாங்கள் சொல்கிற கொள்ளிடக் கரைக்குப் போவாள். தீர்த்தவாரி நடக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணன் ரங்கநாதர் தங்கைக்குச் சீர்வரிசை அனுப்புவார். புடவை, மாலை, பழம் எல்லாம் மேளதாளத்தோடு வரும். வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவாள். அண்ணன் தங்கைக்குள் அது போதும். அதனால் ஒரு நாள், ஒரு கரை என்பது குற்றமில்லை. எதற்காக அந்தக் கரை, அங்கே யார் உனக்கு என்ன வேண்டும் என்பதுதான் கேள்வி.

உல்லாசக் கப்பல் பயணத்தைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பிரபலமான கட்டுரை டேவிட் ஃபாஸ்டர் வாலஸுடையது. ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் 1996 ஜனவரியில் வந்தது. ஏழு இரவு கரீபியன் பயணம். கப்பலுக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும், கழிப்பறையின் உறிஞ்சும் வேகம் வரைக்கும், விடாமல் எழுதுகிற மனிதர் கோசுமெல் துறைமுகத்தில் எல்லோரும் இறங்கும்போது மேல்தளத்திலேயே நின்று கீழே பார்க்கிறார். இறங்கிப் போகிறவர்களின் கூட்டம் அவருக்கு அருவருப்பாக இருக்கிறது. மேலே நின்றாலும் தானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் என்பதும் தெரிகிறது. நேர்மையான இடம். படிக்கவும் சிரிப்பாக இருக்கும். ஆனால் கட்டுரை முடியும்போது கோசுமெல் என்ற ஊர் நமக்குக் கிடைக்கவே இல்லை. தன்னைப் பற்றிய கூச்சம் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டுவிடுகிறது. இறங்காமல் இருப்பதை ஒரு நிலைப்பாடாகச் சொல்லலாம்தான். ஆனால் கரையில் இருப்பவருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

அதே கடலில் கரையிலிருந்து எழுதியவர் ஜமைக்கா கின்கெய்ட். 1988இல் வந்த ‘எ ஸ்மால் பிளேஸ்’ சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆன்டிகுவா தீவில் வந்து இறங்குகிற சுற்றுலாப் பயணியை ‘நீ’ என்று கூப்பிட்டே முதல் பகுதி முழுக்க நகர்கிறது. விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் வழியில் அந்த ‘நீ’ எதைப் பார்க்கிறாய், எதைப் பார்த்தும் பார்க்கவில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அவர் கோபத்தின் நடுவில் ஒரு நூலகம் இருக்கிறது. 1974 நிலநடுக்கத்தில் சேதமான கட்டடம். பழுதுபார்க்கப்படும் என்ற பலகை மட்டும் வருஷக்கணக்காகத் தொங்குகிறது. பயணிக்கு அது ஒரு பழைய அழகான கட்டடம்.

அதைப் படித்தபோது யாழ்ப்பாணம் நூலகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள் போயின. இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் மறுபடியும் திறந்தது. காங்கேசன்துறைக் காணொளிகளில் பெரும்பாலும் இந்த நூலகம் வருகிறது. சிலர் எரித்த கதையை நன்றாகவே சொல்கிறார்கள். குரல் தழுதழுக்கச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் திரையில் தெரிவது வெள்ளை வெளேரென்று குவிமாடத்தோடு நிற்கும் கட்டடம். ஆன்டிகுவாவில் பழுதுபார்க்காத நூலகம் பயணியின் கண்ணில் பட்டும் படாமல் போனது. யாழ்ப்பாணத்தில் பழுதுபார்த்த நூலகம் இன்னும் சுலபமாக மறைத்துவிடுகிறது. பெயிண்ட் அடித்து முடித்த இடத்தில் துக்கத்தைச் சொல்லிவிட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். ‘நடந்து முடிந்தது’ என்ற வகையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கின்கெய்டின் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய ‘நீ’ வட அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் வெள்ளைக்காரர். காங்கேசன்துறையில் இறங்குகிறவர் சேலத்துக்காரர், திருச்சிக்காரர். அங்கே இருப்பவரோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசலாம், ஒரே முருகனைக் கும்பிடலாம். அதனால்தான் ‘நம்ம ஊர் மாதிரியே’ வருகிறது. வெள்ளைக்காரப் பயணியிடம் ‘இது உனக்குப் புரியாது’ என்று சொல்லிவிடலாம். நமக்கு அந்தத் தடுப்பு இல்லை. புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதுதான் நம்முடைய ஆபத்து.

சரி, வழியில் என்ன இருக்கிறது?

துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு 20 கிலோமீட்டருக்குள். காங்கேசன்துறை வீதி மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என்று தெற்கே இறங்குகிறது. நான் பார்த்த காணொளிகளில் இந்த வழி ஒன்று வெட்டுப்பட்டிருக்கும், இல்லையென்றால் பின்னணி இசையோடு வேகமாக ஓடும். கேமரா நிதானமாவது நல்லூரில்தான். எனக்கோ முதல் ஐந்து கிலோமீட்டர்தான் முக்கியமாகப் படுகிறது.

துறைமுகம் இருப்பது வலிகாமம் வடக்கு. 1990 நடுவில் போர் மறுபடியும் மூண்டபோது அங்கிருந்த ஊர்கள் மொத்தமாகக் காலியாயின. பலாலி விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் வந்தது. போர் 2009 மே மாதம் முடிந்தது. நிலம் அதோடு திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் இந்தத் துண்டு, இரண்டு வருஷம் கழித்து அந்தத் துண்டு என்று தவணை முறையில் விடுவித்தார்கள். இன்னும் முழுசாக முடியவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, கடற்கரையில், ‘தல்செவன’ என்று ஒரு விடுதி இருக்கிறது. நடத்துவது இலங்கை ராணுவம். சில காணொளிகளில் ‘சூப்பர் பீச் ரிசார்ட்’ என்று வருவது இதுதான். கிட்டத்தில் 1950 முதல் 1990 வரை ஓடிய சிமெண்ட் ஆலையின் எலும்புக்கூடு. ரயில் 1990இல் நின்றது. 2015 ஜனவரி 2 அன்றுதான் காங்கேசன்துறைக்கு மறுபடியும் வந்தது, அதுவும் இந்திய உதவியில் போட்ட தண்டவாளத்தில். துறைமுகத்தைச் சீர்செய்வதிலும் இந்தியப் பணம் இருக்கிறது. அதாவது நம் பயணி கப்பலிலிருந்து கால் வைக்கும் இடமே அவருடைய அரசாங்கத்தின் கணக்கில் இருக்கும் இடம். இதை ஒரு பெருமையாகச் சொல்லக்கூட யாரும் சொன்னதாகப் பார்க்கவில்லை.

இதில் எதுவும் ரகசியம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே இருப்பதுதான். வேலி இல்லாத காணி, கூரை இல்லாத வீடு, வீடே இல்லாமல் கிணறு மட்டும் நிற்கும் வளவு. அந்தப் பக்கத்தில் பனைமரத்தின் தலை இருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதே ஒரு படிப்பு. ‘நம்ம ஊர் மாதிரியே’ என்று பனையைக் காட்டின அந்தக் காணொளியில் பின்னால் இரண்டு மொட்டைப் பனை தெரிகிறது. சொன்னவர் கவனிக்கவில்லை.

ஊர்ப் பெயரே ஒரு கரையிறங்கல் கதைதான். மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசிக்குக் குதிரை முகம் வந்துவிட்டது. கீரிமலையில் கடலோரம் பொங்கும் நன்னீர்ச் சுனையில் குளித்து முகம் மாறினாள். அதற்கு நன்றியாக மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோயில் எழும்பியது. அந்தக் கோயிலுக்கான காங்கேயன் சிலை இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய துறை காங்கேயன்துறை. தல புராணம்தான், சரித்திரமாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் நோயோடு போய் அங்கே தங்கினாள், குணமானாள், கடன்பட்டாள், கட்டினாள் என்று அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். சமயபுரத்துக்காரனுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையே இல்லை. கீரிமலைக்குப் போன பயணிகள் குளித்தார்கள், தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். கடன் யாருக்கு என்ற பேச்சு வரவில்லை.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் சில வருஷம் வாடகைக்கு இருந்த அம்மா, தெல்லிப்பழைப் பக்கம். 1990இல் படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம், பிறகு திருச்சி. இப்போது விமான நிலையத்துப் பக்கம் மகளோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தால் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போவார். அப்படி வந்த ஒரு நாள், பார்த்துக்கொண்டிருந்த காணொளியை அவரிடம் காட்டினேன். அந்த வேகமாக ஓடும் பகுதி வந்தது.

“கொஞ்சம் நிப்பாட்டுங்கோ தம்பி.”

நிறுத்தினேன். மங்கலாக ஒரு வளைவு, ஒரு மதில்.

“பின்னுக்கு விடுங்கோ. இதுதான். இந்த முடக்குக்குள்ள இறங்கினா எங்கட ஒழுங்கை.”

மூன்று தடவை பின்னால் ஓட்டினோம். மொத்தம் இரண்டு செகண்டு இருக்கும். பிறகு அந்தப் பையன் நல்லூரில் ஐஸ்கிரீம் சாப்பிடும் பகுதி வந்தது. அம்மா அதையும் முழுசாகப் பார்த்தார். எனக்குத்தான் அவன்மேல் எரிச்சல். “இதெல்லாம் ஒரு பயணமாம்மா, ஆறு மணி நேரத்துல என்னத்தைப் பாத்திருப்பாங்க” என்று சொல்லிவைத்தேன்.

“ஏன் தம்பி, ஒரு நாளெண்டாலும் போய்ப் பாத்திட்டு வந்திட்டினம்தானே. எனக்கும் ஒரு நாள் காணும்.”

யாழ்ப்பாணத் தமிழில் ‘காணும்’ என்றால் போதும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வேண்டியது அதற்குள்தான் இருக்கிறது. ஒரு நாள் கரையிறங்கலில் நாம் ‘ஒரு நாள்’ என்பதைத்தான் குறை சொல்கிறோம். அந்த அம்மாவுக்கு அது குறையாகவே படவில்லை. அவருக்கு எட்டாதது ‘போய்ப் பாத்திட்டு வந்திட்டினம்’ என்பதில் இருக்கும் அந்த ‘வந்திட்டினம்’தான். இங்கே அகதியாகப் பதிவு செய்துகொண்ட ஒருவர் இலங்கைக்குப் போக வேண்டுமென்றால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். போனால் போனதுதான், சாயங்காலம் திரும்பி வந்து பேத்தியோடு சாப்பிட உட்கார முடியாது. மகள் திருச்சியில், பேத்தி திருச்சியில் படிக்கிறாள். ஒழுங்கையை ஒரு தடவை பார்ப்பதற்காக இதை மொத்தமாக விட்டுவிட்டுப் போக யாரால் முடியும்? கப்பல் பயணி வாங்கும் சீட்டில் உண்மையான சரக்கு தீவு கிடையாது. மாலையில் உனக்காகக் காத்திருக்கும் கப்பல்தான் சரக்கு. திரும்பி வருவேன் என்ற உறுதி இருப்பதால்தான் ‘நம்ம ஊர் மாதிரியே’ என்று அவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறது. நிஜமாகவே அது தன் ஊராக இருப்பவருக்கு ‘மாதிரி’ தேவைப்படவில்லை. அவர் தேடுவது ஒரு முடக்கு.

கின்கெய்ட் இதன் ஒரு பாதியைச் சொல்லியிருக்கிறார். எல்லா ஊர்க்காரர்களும் வேறெங்காவது பயணியாகப் போக ஆசைப்படுகிறவர்கள்தான், ஆனால் உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு எங்கேயும் போக வசதியில்லை என்பது அவர் வாதம். அவர் பேசுவது காசைப் பற்றி. எங்கள் பக்கத்தில் அதன்மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது, காகிதம். திருச்சியில் கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் தமிழக அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயரை மாற்றியது, நல்ல காரியம். பெயர் மாறினாலும் உள்ளே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலரிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பினாலேயே குடியுரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு கொட்டப்பட்டு முகாமிலிருந்து ஒரு பெண் வழக்குப் போட்டுப் பாஸ்போர்ட் வாங்கினார், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் கதவும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கைக்காரர்களைச் சேர்க்கவில்லை. காங்கேசன்துறையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் சென்னைத் துறைமுகத்துக்குப் போய் அந்தக் கப்பலை வேடிக்கை பார்க்கலாம். ஏற முடியாது.

ஒரு காலத்தில் இந்தக் கடல் இப்படி இருக்கவில்லை என்பதும் திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் திருச்சி வழியாகத்தான் தனுஷ்கோடிக்கு ஓடியது. அங்கே கப்பல், அக்கரையில் தலைமன்னார், மறுபடி ரயில். எழும்பூரில் வாங்கின ஒரே டிக்கெட்டில் கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது, பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலைப் போர் நிறுத்தியது. முசிறி, துறையூர்ப் பக்கத்திலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதை தனி, அது இன்னும் பெரிது. இங்கே வேண்டியது ஒன்றுதான். அந்தப் பக்கம் ‘நம்ம ஊர் மாதிரி’ இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போய் வந்து கொண்டிருந்த வழி அறுந்ததால்தான் ஆச்சரியமாகத் தெரிகிறது.

அப்படியானால் ஒரு நாள் போய்விட்டு வந்தவர் என்னதான் எழுதுவது? எனக்கு முன்மாதிரியாகத் தோன்றுவது ஏ.கே. செட்டியார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதியவர். அவர் காலத்தில் எங்கே போனாலும் கப்பல்தான், வழித் துறைமுகத்தில் சில மணி நேரம் இறங்குவது சாதாரணம். அவர் நடையில் அலங்காரம் கிடையாது, வியப்புக்குறி ரொம்பக் குறைவு. போன ஊரில் நம் ஆட்கள் யார் இருக்கிறார்கள், என்ன தொழில், எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற விசாரணை இருக்கும். அந்த ஊர் தனக்கு எதை நினைவுபடுத்துகிறது என்பதைவிட அங்கே என்ன நடக்கிறது என்பதில்தான் அவருக்கு அக்கறை. ஒரு பக்கத்தில் சொல்வதை இன்றைய காணொளிகள் அரை மணி நேரத்தில் சொல்வதில்லை.

நான் பார்த்தவற்றிலும் ஒன்று நன்றாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, கூட வந்தவர்கள் கோட்டைக்குப் போக, இவர் நூலக வாசலில் பழம் விற்கும் அம்மாவோடு உட்கார்ந்துவிட்டார். எந்த ஊர், எப்போது இடம்பெயர்ந்தார்கள், எத்தனை வீடு மாறினார்கள், இப்போது காணி கிடைத்ததா என்று சாவகாசமாகக் கேட்கிறார். பழக்காரம்மா பதிலுக்கு, சிதம்பரத்தில் ரயில் நிற்கிறதா, அங்கிருந்து வேளாங்கண்ணி எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறார். கேமரா ஆடுகிறது, காற்றுச் சத்தம் வேறு. பதினோரு நிமிஷம். பார்த்தவர்கள் மிகக் குறைவு. அவரும் ஆறு மணி நேரம் இருந்தவர்தான்.

இப்போது வழிகள் கூடியிருக்கின்றன. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற பெயரில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நாலு மணி நேரப் பயணம். 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு விமானம் வந்துவிட்டது. அது இறங்குவது பலாலியில், அதே வலிகாமம் வடக்கில். கொட்டப்பட்டு முகாம் இருப்பது திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து கிளம்பும் விமானச் சத்தம் முகாமுக்குள் கேட்கும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது கப்பலிலோ விமானத்திலோ போவதாக இருந்தால் ஒரு உதவி. நல்லூரை ஏற்கெனவே நிறையப் பேர் எடுத்துவிட்டார்கள். காங்கேசன்துறையிலிருந்து தெல்லிப்பழை வரைக்கும் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் எடுங்கள், பாட்டுப் போடாதீர்கள், வெட்டாதீர்கள். ஒழுங்கைகள் பிரியும் முடக்கு வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். எனக்கு அனுப்பினால் போதும், வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்கு வரும்போது காட்டிவிடுவேன்.